மார்ச் 11, மதியம் 3.30: நீங்கள் தவறவிட்ட மேஜைகள் குறித்து நான்காவது புகார்

அனுப்புநர்
மே மாதம் உங்கள் கோல்டு பேக்கேஜில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் போய் வந்த ஐந்து பேர் கொண்ட குடும்பம், அம்பத்தூர், சென்னை.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர், சுற்றுலா நிறுவனத் தலைமை அலுவலகம், பெங்களூரு.

நாள்: 23.6.2025

பொருள்: டைனிங் அசிஸ்ட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு உணவகங்களில் டேபிள் புக் செய்யாதது, செய்யவில்லை என்பதை மறைத்தது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. யார் தீர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு ரூபாய் வரவில்லை, வருத்தம் தெரிவித்து ஒரு வரி வரவில்லை. டி.நகர் கிளையைக் கேட்டால் பெங்களூருக்குப் பேசுங்கள் என்கிறார்கள். பெங்களூரில் யு.எஸ். டெஸ்க்குக்கு மாற்றுகிறார்கள். அங்கே பாட்டு ஓடி ஓடி லைன் கட்டாகிறது. நான் பள்ளி ஆசிரியை. மதிய இடைவேளை 40 நிமிடம். ஒரு மாதமாக அந்த 40 நிமிடத்தை உங்கள் பாட்டைக் கேட்டே கழித்திருக்கிறேன், டிபன் பாக்ஸைத் திறக்காமல்.

கோல்டு பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்று உங்களுக்கே தெரியும், நான் விளக்கத் தேவையில்லை. அதற்கு மேல் டைனிங் அசிஸ்ட் என்று 12,000 ரூபாய் தனியாக, ஜிஎஸ்டியோடு வாங்கினீர்கள். அந்தப் பணம் எதற்கு? ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நேரத்தில், கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பதற்கு. அந்த வேலைதான் நடக்கவில்லை.

டிஸ்னி வேர்ல்டில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்னால் புக்கிங் திறக்கும். அங்குள்ள ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குக் கூடுதல் வசதி உண்டு: செக்-இன் தேதிக்கு 60 நாள் முன்னால், ஒரே காலையில், தங்கும் நாள் முழுவதற்கும் (பத்து நாள் வரை) சேர்த்தே புக் செய்துவிடலாம். நாங்கள் செக்-இன் செய்தது மே 10. அதற்கு 60 நாள் முன்னால் மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. அந்த ஒரு காலையைப் பிடித்தால் ஏழு நாளும் கையில். விட்டால் ஏழு நாளும் போச்சு. இதற்காகத்தான் வெளியில் மலிவாகக் கிடைத்த அறையை விட்டுவிட்டு, டிஸ்னி ஹோட்டலுக்குக் கூடுதலாகப் பணம் கட்டினோம். அப்படிச் செய்யச் சொன்னதே உங்கள் ஆள்தான்.

நவம்பரில் முன்பணம் கட்டும்போது "ஆறு மாசம் முன்னாடியே போட்டுடுவோம் மேடம்" என்றார். 180 நாள் என்பது கொரோனாவுக்கு முந்தைய விதி என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்து நான்தான் கண்டுபிடித்தேன். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள், தெரியாமலா இருப்பார்கள் என்று நம்பினேன்.

ஜனவரியில் நான்கு பக்கப் பட்டியல் ஒன்றைக் கையால் எழுதிக் கொடுத்தேன். எந்த நாள் எந்தப் பார்க், எந்த வேளை எங்கே சாப்பாடு, அது இல்லாவிட்டால் எது, அதுவும் இல்லாவிட்டால் எது என்று எல்லாம் அதில் உண்டு. மே 14 புதன்கிழமை என் மகளின் பத்தாவது பிறந்தநாள். அன்று மதியம் மேஜிக் கிங்டமில் சிண்ட்ரெல்லா கோட்டைக்கு உள்ளேயே இருக்கிற சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள். கிடைக்காவிட்டால் அதே பார்க்கில் பி அவர் கெஸ்ட். பத்து வயதானால் அங்கே பெரியவர்கள் கட்டணம் என்பதைக்கூட நானே குறிப்பிட்டிருந்தேன். முதல் பக்க மூலையில் என் மகள் பென்சிலால் கோட்டை வரைந்து கொடுத்தாள். "இதைப் பார்த்தா அந்த அங்கிள் மறக்க மாட்டார்ல?" என்றாள்.

மே 12 மாலை சனா உணவகம். அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலில் கிடானி வில்லேஜ் பக்கம் இருப்பது. நான் ரொட்டி, பலவகைச் சட்னி, ஊறுகாய், ரைத்தா என்று நம் நாக்குக்கு ஒத்துவரும் சாப்பாடு. ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி மேயும். அதனால் இருட்டுவதற்கு முன் டேபிள் வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதினேன். இது என் அத்தைக்காக. என் கணவரின் அம்மா, 68 வயது, முட்டைகூடத் தொடாத சைவம், சர்க்கரை நோய். வேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். பார்க்குக்குள் போனில் ஆர்டர் செய்து வாங்கும் கவுன்ட்டர் கடைகளுக்கு முன்பதிவு வேண்டாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வெயிலில் நடந்து களைத்த வயதானவரை, காலி நாற்காலி தேடிக்கொண்டு தட்டோடு எத்தனை நாள் அலைய விடுவது?

மார்ச் 8 அன்று வாட்ஸ்அப்பில் நினைவூட்டினேன். "நாளை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். புக்கிங் திறக்கும் ஆர்லாண்டோ காலை 6 மணி என்பது இதுவரை நமக்கு மாலை 4.30. செவ்வாய்க்கிழமை அது 3.30. தயவுசெய்து 3.15-க்கே லாகின் செய்து வைக்கவும்." பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது. செவ்வாய் 3.30-க்கு ஸ்டாஃப் ரூமிலிருந்து போன் செய்தேன். "பண்ணிட்டே இருக்கோம் மேடம், டென்ஷன் ஆகாதீங்க" என்றார்கள்.

ஏப்ரல் 2 அன்று "எல்லாம் கன்ஃபர்ம்டு, வவுச்சரோட வரும்" என்றார்கள். அப்போதும் ஒரு கன்ஃபர்மேஷன் எண்கூடத் தரவில்லை. ஏப்ரல் 19 சனிக்கிழமை நேரிலேயே கிளம்பினேன். அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. ஐந்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், மறுபடி ரயில் ஏறி மாம்பலம், சனிக்கிழமைக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவை நீந்தி உங்கள் கிளைக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே, "மேடம், சாப்பாட்டுக்காகவா அமெரிக்கா போறீங்க? அங்க போய் நின்னா கொடுப்பாங்க, இதுக்குப் போய் இவ்ளோ அலப்பறையா?" என்றார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். என் மகன் தண்ணீர் கேட்டான். அங்கே கேன் காலி.

அலப்பறை. இருபது வருடம் சர்வீஸ் போட்ட ஆசிரியை, சிறுகச் சிறுகச் சேர்த்த 13 லட்சத்தை உங்களிடம் கட்டிவிட்டு, கட்டிய காசுக்கு ரசீது கேட்டால் அதற்குப் பெயர் அலப்பறையா? இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இந்தப் புகாரை விடப்போவதில்லை. அந்த ஊழியரை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. அவரும் குடும்பஸ்தர்தான். ஆனால் அவர் கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் எனக்கு வர வேண்டும்.

உண்மை எப்போது தெரிந்தது? மே 5 அன்று, விமானம் ஏற மூன்று நாள் இருக்கும்போது. வவுச்சர் கவரில் ஒரே ஒரு டேபிள். எங்கே மற்றவை என்று சண்டை போட்டபோது, "நாங்க ட்ரை பண்ணோம்" என்று நிரூபிக்க ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். தேதி மார்ச் 11. திரையின் மூலையில் நேரம் 4.41. மூன்றரைக்குத் திறந்ததை நான்கரைக்கு மேல் போய்த் திறந்திருக்கிறீர்கள். பழைய கணக்கு! நான் கடிகாரத்தைப் பற்றி எழுதிய செய்தியை யாரும் படிக்கவே இல்லை.

தவறு மனிதருக்கு வருவதுதான். நான் கேட்பது வேறு. மார்ச் 11 மாலையே "மேடம், விட்டுட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 60 நாள் என் கையில் இருந்திருக்கும். யாராவது கேன்சல் செய்தால் அந்த டேபிள் மறுபடி ஆப்பில் வரும். தினமும் விடியற்காலையில் எழுந்து நானே தேடியிருப்பேன், என் கணவர் தேடியிருப்பார். "எல்லாம் கன்ஃபர்ம்டு" என்று பொய் சொல்லி அந்த இரண்டு மாதத்தையும் எங்களிடமிருந்து பறித்தீர்கள். இதுதான் என் புகாரின் உயிர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த ஒரே டேபிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மே 14, பிறந்தநாள் அன்று, இரவு 8.40, எப்காட் என்ற வேறொரு பார்க்கில் மெக்சிகோ பெவிலியனுக்குள் இருக்கும் சான் ஏஞ்சல் இன் உணவகம். அதுவும் நான்கு பேருக்கு. நாங்கள் ஐந்து பேர். அன்று எங்களுக்கு மேஜிக் கிங்டம் டிக்கெட். ஒரே நாளில் இரண்டு பார்க் போக பார்க் ஹாப்பர் வேண்டும், நீங்கள் எங்களுக்கு விற்ற டிக்கெட்டில் அது கிடையாது. பார்க்குக்குள்ளேயே போக முடியாதவர்கள் அதற்குள் இருக்கும் உணவகத்துக்கு எப்படிப் போவது? இரண்டு மணி நேரம் முன்னாலாவது கேன்சல் செய்யாவிட்டால் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள். புக்கிங் உங்கள் கணக்கில் இருந்ததால் எங்களால் கேன்சல் செய்யவும் முடியவில்லை. உங்கள் அவசர எண்ணில் யாரும் எடுக்கவில்லை. என் கணவரின் கார்டிலிருந்து 40 டாலர் போனது.

உங்கள் ஆள் சொன்னபடி "போய் நின்று" பார்த்தோம். மே 12 அன்று சனாவுக்கு. டிஸ்னி ஹோட்டலிலிருந்து இன்னொரு டிஸ்னி ஹோட்டலுக்கு நேர் பஸ் இல்லை, ஏதாவது ஒரு பார்க் போய் மாற வேண்டும். லாட்ஜில் இரண்டு கட்டடம் இருப்பது தெரியாமல் ஜம்போ ஹவுஸில் இறங்கிவிட்டோம். அங்கிருந்து கிடானி வரை அத்தை முழங்கால் வலியோடு நடந்தார். போய்ச் சேர்ந்தபோது வெயிட்லிஸ்ட் மூடியாகிவிட்டது. வாசலில் நின்ற பெண் மிகவும் வருத்தப்பட்டாள், அவள் மேல் குறையில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அத்தை, "விடும்மா, ரூமுக்குப் போய் சப்பாத்தி சாப்பிட்டுக்கலாம்" என்றார். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன சப்பாத்தி, நான்காம் நாள்.

பிறந்தநாளன்று நீலக் கவுன் போட்டுக்கொண்டு கோட்டை வாசலில் என் மகள் நின்றாள். உள்ளே போகிற குடும்பங்களை எண்ணினாள். பதினொன்று வரை எண்ணிவிட்டு, "அம்மா, என் டிராயிங்க அவங்க பாக்கலையா?" என்று கேட்டாள். அன்று மதியம் கவுன்ட்டர் கடையில் சீஸ் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். மூன்று மணிக்கு அத்தைக்குச் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டியது. கைப்பையில் மிட்டாய் இருந்ததால் தப்பினோம். ஏழு நாளில் ஒரு வேளைகூட எங்கள் குடும்பம் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. 13 லட்சமும் மண்ணாகப் போனது என்றுதான் சொல்வேன்.

ஊருக்கு வந்து கேட்டால், "போயிட்டு வந்துட்டீங்கல்ல மேடம், இன்னும் என்ன?" என்கிறது உங்கள் பெங்களூர் அலுவலகம். டேபிள் கிடைப்பது எங்கள் கையில் இல்லை என்கிறீர்கள். உண்மை, கிடைப்பது உங்கள் கையில் இல்லை. மூன்றரை மணிக்கு உட்காருவது உங்கள் கையில்தான் இருந்தது.

நான் சண்டைக்காரி இல்லை. என் தம்பி கல்யாண டூருக்கும் உங்களிடம்தான் வந்தோம், குறை ஒன்றும் இல்லை. அந்த நல்ல பெயரை நீங்கள் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றே இன்னும் நினைக்கிறேன். டைனிங் அசிஸ்ட் கட்டணம் 12,000 ரூபாய், கார்டில் போன 40 டாலர், டிஸ்னி ஹோட்டலுக்காகக் கூடுதலாகக் கட்டிய தொகை, மன உளைச்சலுக்கு 5 லட்சம் ரூபாய், அந்த மன்னிப்புக் கடிதம் இவற்றை 15 நாளுக்குள் தாருங்கள்.

தராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு வழக்கு. உங்கள் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது என்று தப்ப முடியாது, நான் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. காலக்கெடு இரண்டு ஆண்டு. எனக்குப் பொறுமை அதைவிட அதிகம். 4.41 ஸ்கிரீன்ஷாட், கட்டைவிரல் படம், ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போன் வேண்டாம்.

என் கையெழுத்துப் பட்டியலின் அசல் டி.நகர் கிளையில் இருக்கிறது. அது உங்களுக்கு இனி பயன்படாது. முதல் பக்கத்தில் என் மகள் வரைந்த கோட்டை இருக்கிறது. கசக்காமல், மடிக்காமல் அதைத் திருப்பி அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்