அடுத்த புதன்கிழமைக்கு முன்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள சரோஜா,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் கோபம் நியாயம்தான். திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். மாவடு வந்து சேர்ந்தது, பாதி தீர்ந்தும்விட்டது. முழங்கால் அப்படியே இருக்கிறது. கோமளாவின் விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது. அதை இனிப் பேச வேண்டாம்.

இப்போது எழுதுவது பேரனுக்காக. ஒன்பது மாதம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டாக வேண்டும். மருமகள் கவிதா மாட்டேன் என்கிறாள். முரளி வாயே திறப்பதில்லை.

பதினான்காவது வாரத்தில் பென்டாவேலன்ட் ஊசி, அதாவது கக்குவான் உட்பட ஐந்து நோய்க்கு ஒரே ஊசி, போட்ட அன்று இரவு குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல். தொடை வீங்கிக் கல் மாதிரி ஆகிவிட்டது. விடிய விடிய அழுதான். காய்ச்சல் வரலாம், வந்தால் இந்த மருந்தை இந்த அளவு கொடுங்கள் என்று ஊசி போட்ட இடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். "நானே தூக்கிக்கொண்டு போய் இப்படிச் செய்துவிட்டேனே, அத்தை" என்று கவிதா அன்றிரவு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் என் காதில் இன்னும் இருக்கிறது. தட்டம்மை வந்தால் அது தானாக வந்தது. ஊசி, நாம் மடியில் பிடித்து வைத்துப் போட்டது. பெற்றவளுக்கு இரண்டும் ஒன்றில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பது வருடம் வகுப்பெடுத்த பழக்கத்தில் பாடம் நடத்தினேன். தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும், நூற்றுக்கு 95 பேராவது போட்டுக்கொண்டால்தான் அது நிற்கும் என்றேன். எல்லாத் தடுப்பூசியும் முழுதாகப் போட்ட குழந்தைகள் நம் மாநிலத்தில் 2005-06இல் நூற்றுக்கு 81, பத்து வருடம் கழித்து 70, 2019-21 கணக்கெடுப்பில் 89 என்று ஒப்பித்தேன். கவிதா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தண்ணீர் ஆறிவிடும் என்று குழந்தையைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். பச்சைக் குழந்தைக்குக் காது குத்தும்போது கை நடுங்கவில்லையே என்று முதுகுக்குப் பின்னால் வேறு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

முரளியின் மௌனத்துக்கு வேறு வேர். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார் அல்லவா? ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பிறகு சொல்லிவிட்டது. ஆனால் முரளியின் மனதில் அந்த இரண்டு நாள் இடைவெளிதான் தங்கியது. ஆபீசில் சான்றிதழ் கேட்ட பிறகே போட்டுக்கொண்டான். வற்புறுத்தலில் நீட்டிய கை அது. தனக்கே மனம் ஒப்பாமல் போட்டுக்கொண்டவன் பிள்ளைக்கு எப்படித் துணிவான்?

"இந்த நோய் வந்த யாரையாவது நீ பார்த்திருக்கிறாயா?" என்று அவன் ஒருநாள் கேட்டான். தனத்தைப் பற்றிச் சொன்னேன். காலில் இரும்புக் கட்டோடு விடுதிப் படிக்கட்டில் அவள் ஏறி வரும் சத்தத்தைச் சொன்னேன். அது போலியோ, இது அம்மை என்றான். நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹௌராவில். அதற்குப் பின் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் எங்கே கேட்கப் போகிறது, சரோஜா?

படிக்காதவர்கள்தான் பயப்படுவார்கள் என்று மட்டும் சொல்லாதே. என் தோளில் தழும்பில்லை என்று நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்களே, அது யாரால்? 1955இல் ராஜாஜி காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை எதிர்த்து எழுதியதைப் படித்த என் அப்பாவால். அந்த மருந்து கிண்டியிலேயே தயாரானது. அப்பா படித்த மனிதர், ஆங்கிலப் பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பவர். தான் நம்பியவர் சொல்லைக் கேட்டார், அவ்வளவுதான்.

2017 பிப்ரவரியில் எங்கள் பள்ளியில் இதே ஊசியைப் போட வந்தார்கள். வாட்ஸ்அப் வதந்தியில் பாதி வகுப்பு காலி. ஆட்டோ ஓட்டும் தகப்பன் ஒருவர் வாசலில் நின்று, "உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் போடுவீர்களா, டீச்சர்?" என்று கேட்டார். நான் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினேன். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டது சுற்றறிக்கையை இல்லை என்பது எனக்குப் போன வாரம்தான் உறைத்தது.

போன வாரம் சுகாதார நிலைய நர்ஸ் வீட்டுக்கு வந்தார். விட்டுப்போன குழந்தைகளைத் தேடி வந்திருக்கிறார். தரையில் உட்கார்ந்தார். ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த இரவைப் பற்றிக் கேட்டார். கவிதா கொட்டித் தீர்த்தாள். முழுதும் கேட்ட பிறகுதான் சொன்னார்: அந்தக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் கக்குவான் மருந்துதான் காரணம். இது வேறு ஊசி, வலது புஜத்தில் தோலுக்கடியில் போடுவது. காய்ச்சல் வந்தாலும் அன்றிரவு வராது, பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து வரும், லேசாகத் தடிக்கவும் செய்யலாம், பயப்பட வேண்டாம். போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். தன் கைப்பேசி எண்ணையும் அட்டையில் எழுதினார். அந்த ஆட்டோக்காரர் கேட்ட அதே கேள்வியைத்தான் கவிதாவும் கேட்டாள். "இரண்டு பெண்ணுக்கும் போட்டேன். சின்னவளுக்கு எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது, இரண்டு நாளில் விட்டது" என்றார்.

"அடுத்த புதன் பார்க்கலாம், அத்தை" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் 'பார்க்கலாம்' என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். உன் மகள் டாக்டர். அவளைப் பேசச் சொல்லாதே. நீ பேசு. உன் பேத்திக்குப் போட்ட பிறகு அந்த வாரம் எப்படிப் போனது, நீ எத்தனை முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய், அதைச் சொல். பயந்திருந்தால் பயந்ததையும் சொல். மதியம் இரண்டு மணிக்கு மேல் குழந்தை தூங்குவான், அப்போது கூப்பிடு.

உன்,
விசாலம்