வீடு வீடாகப் போகக் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுபான்மைச் சமூகங்களின் உரிமைக்காகக் குரல் கொடுக்க டெல்டா மாவட்ட இளைஞர்களுக்கு நடக்கும் பயிற்சி முகாம்கள் பற்றி எழுதியிருந்தீர்கள். மனநிறைவோடு படித்தேன். ஆனால் அந்தப் பயிற்சியில் மேடைப் பேச்சுக்குக் கிடைக்கிற நேரம், குடிசை வாசலில் உட்கார்ந்து கேட்பதற்கும் கிடைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எங்கள் திருவாரூர், நாகை மாவட்டங்களில் ஆதியன் மக்கள் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். ஊரார் பூம்பூம் மாட்டுக்காரர் என்பார்கள். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் முதல் பெயரே ஆதியன்தான். இருந்தும் சாதிச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுகிறார்கள். பழங்குடியினர் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். அங்கே போனால், "அப்பா சான்றிதழைக் கொண்டு வா" என்பதுதான் முதல் கேள்வி. ஊர் ஊராக மாடு ஓட்டிப் பிழைத்த மனிதர் சான்றிதழுக்கு எங்கே போவார்?

அப்படி ஒரு குடியிருப்பில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி சாயங்காலமானால் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிடுகிறாள். கூரையில் செருகியிருக்கும் மஞ்சள் பையை இறக்கச் சொல்கிறாள். ரேஷன் கார்டு, ஆதார், எப்போதோ கொடுத்த மனுவின் நகல் எல்லாம் அதற்குள் மடிந்து, ஓரம் கிழிந்து கிடக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயர், தேதி, யார் யாருக்கு என்ன உறவு என்று குறித்துக்கொள்கிறாள். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் ஒருவனுக்குச் சான்றிதழ் கிடைத்திருப்பதும் மற்றவர்களுக்கு மறுக்கப்பட்டிருப்பதும் அந்த நோட்டால்தான் தெரியவந்தது. இரத்த உறவின் சான்றிதழ் எவ்வளவு பெரிய ஆதாரம்! தனித்தனியாக அலைந்து ஓய்ந்த குடும்பங்கள் அதற்குப் பிறகு ஒன்றாகச் சேர்ந்து, திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தன. ரசீது எண்ணையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். இதையெல்லாம் முகாமில் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும்.

இந்த வேலை டெல்டாவுக்குப் புதிதும் அல்ல. கர்நாடகத்திலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்ட கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் 1940களில் சேரியில் தங்கி, அங்குள்ளவர்கள் சோற்றையே சாப்பிட்டு, இரவில் பண்ணையாட்களோடு பேசிப் பேசித்தான் சங்கம் கட்டினார். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்தது அந்தச் சங்கத்தின் போராட்டத்தால். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னாலும் அந்த உழைப்பு இருக்கிறது.

ஒரு விஷயத்தைப் பயிற்சி தருபவர்கள் மறக்கக் கூடாது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று அந்தப் பெண்ணின் தாய் என்னிடமே கேட்டார். அதைப் பிற்போக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை உயிரோடு எரித்த மண் இது. சங்கம் சேர்ந்து கூலி கேட்டதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்று இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். இன்றும் கேள்வி கேட்டவனை மறுநாள் வேலைக்குக் கூப்பிடாமல் விடலாம், கடையில் கடன் நிற்கலாம். வெளியூரிலிருந்து வந்தவர் முகாம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். அதனால் யார் முன்னே நிற்பது, யார் பின்னால் இருப்பது என்பதை அந்தக் குடியிருப்புக்காரர்களே முடிவு செய்யட்டும். நன்றாகப் பேசத் தெரிந்த நகரத்துப் பிள்ளையைத் தலைவனாக்கி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்க வேண்டும். அவற்றில் குடிநீரும் தெருவிளக்கும் பேசப்படுகின்றன. ஊர் எல்லையில் இருக்கும் இந்தக் குடும்பங்களின் பட்டாவும் சான்றிதழும் தீர்மானத்தில் ஏற வேண்டும். எழுதிக் கொடுக்க ஆட்கள் இருந்தால் ஏறும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. டெல்டா மாவட்டங்களில் பழங்குடியினர் சான்றிதழ் கேட்டு வந்த மனுக்கள் எத்தனை, நிலுவையில் எத்தனை, மறுத்தவற்றுக்குச் சொன்ன காரணம் என்ன என்று கோட்டம் வாரியாகக் கேட்டு வாங்கி உங்கள் இதழில் வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஒவ்வொரு குடியிருப்புக்கும் கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
திருத்துறைப்பூண்டி