கமலா பேச்சைப் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள வசந்தி,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல். அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கும் கமலா ஹாரிஸைப் பற்றி, மன்னார்குடியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "நம்ம பொண்ணு எப்படிப் பேசுச்சாம்?" என்று உன்னிடம் கேட்கிறார்கள் என்றாயே, போனில் சொன்னால் பாதியிலேயே குக்கர் விசில் என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

வியாழன் ராத்திரி, 2024 ஆகஸ்ட் 22, சிகாகோ யுனைடெட் சென்டர் அரங்கத்தில் ஜனநாயகக் கட்சி மாநாடு. பாடகி பியான்சே வரப்போகிறார் என்று வதந்தி கிளம்பி, அதற்காகவே என் மகள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். வந்தது பலூன்கள்தான்.

கமலா தன் அம்மாவைப் பற்றிப் பேசிய இடம் எனக்குப் பிடித்தது. சியாமளா 19 வயதில் தனியாகக் கலிபோர்னியா வந்ததும், மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து காணவேண்டும் என்று கனவு கண்டதும் நமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஐந்தடி உயரம், மாநிறம், பேச்சில் வேற்றூர் வாடை, அதனால் சிலர் அந்த அம்மாவை எப்படி நடத்தினார்கள் என்பதைக் கூடவே நின்று பார்த்த மகளாகச் சொன்னார் பார், அங்கே மனசு கொஞ்சம் ஆடிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் மருந்துக்கடையில் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னால் கவுண்டரில் இருக்கும் பெண் முகத்தைச் சுளிக்கிறாள்.

அப்புறம் வக்கீல் கமலா வந்துவிட்டார். பள்ளித் தோழியை மாற்றாந்தகப்பன் சீரழித்தது தெரிந்து அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தது, அதனால்தான் அரசு வழக்கறிஞர் ஆனது, வக்கீல் வாழ்க்கை முழுக்கத் தன் ஒரே கட்சிக்காரர் மக்கள்தான் என்றது, எல்லாம் கணக்காக இருந்தது. டிரம்ப் விளையாட்டுத்தனமான ஆள், ஆனால் அவரைத் திரும்ப வெள்ளை மாளிகைக்கு அனுப்பினால் விளைவு விளையாட்டல்ல என்ற அடியும் சரியாக விழுந்தது.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். காஸா. பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவரை மேடையில் பேசவிடுங்கள் என்று சில பிரதிநிதிகள் ராத்திரி முழுக்க அரங்கத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள், விடவில்லை. உள்ளே இவர் இஸ்ரேலுக்கு ஒரு வாக்கியம், பாலஸ்தீனர்களுக்கு ஒரு வாக்கியம் என்று தராசில் நிறுத்துப் பேசினார். "வேட்பாளர் வேற என்னதான் பேச முடியும்?" என்கிறார் என் வீட்டுக்காரர். இருக்கலாம், ஆனால் அத்தனை குழந்தைகள் செத்திருக்கும்போது எனக்கு அது போதவில்லை. மளிகை விலையையும் ஒரே வரியில் தாண்டிவிட்டார், இங்கே கடைக்குப் போகிறவர்கள் எல்லாம் புலம்புவதே அதைப் பற்றித்தான்.

2016-இல் அதிபர் வேட்பாளராக ஹிலாரி கிளின்டன், பெண்கள் ஓட்டுரிமைப் போராட்டத்தின் அடையாளமான வெள்ளை உடையில் வந்தார், நினைவிருக்கிறதா? இந்தமுறை கூட்டத்தில் பெண்கள் வெள்ளையில், இவர் கருநீலக் கோட்டில். முதல் பெண் அதிபர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கெட்டிக்காரத்தனம்.

தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தைப் பேச்சில் சொல்லவில்லையே என்று அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்பட வேண்டாம் என்று சொல். தாத்தா ஊரைப் பேச அங்கே என்ன அவசியம்? ஜெயிப்பைத் தீர்மானிக்கும் ஓட்டு பென்சில்வேனியா, மிச்சிகன் மாதிரி இழுபறி மாநிலங்களில்தானே இருக்கிறது! அவர்கள் பேனர் கட்டட்டும், அர்ச்சனை செய்யட்டும், ஆனால் "நம்ம பொண்ணு" ஜெயித்தால் நமக்கு விசா சுலபமாகிவிடும் என்று உன் எதிர்வீட்டுக்காரர் கணக்குப் போடுகிறாராமே, அதை மட்டும் நம்பாதே.

நவம்பர் 5 தேர்தல். நான் இவருக்குத்தான் போடுவேன், காஸா முணுமுணுப்போடு. வீட்டுக்காரர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பொங்கலுக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என்ன வாங்கிவர வேண்டும் என்று எழுது.

உன்
மல்லிகா