ஒரு துளி ரத்தம் போதுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'இனி கொலோனோஸ்கோபி (குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) வேண்டாம். ஒரு துளி ரத்தத்தில் குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். துளியெல்லாம் இல்லை ஐயா, ஊசி குத்திக் குழாயில்தான் எடுக்கிறார்கள். அது கிடக்கட்டும். நீங்கள் சொல்லும் 'ஷீல்டு' சோதனைக்கு 2024 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மை. யாருக்கு? அறிகுறி எதுவும் இல்லாத, 45 வயதைத் தொட்டவர்களுக்கு. ஆய்வில், புற்றுநோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 83 பேரை அது கண்டுகொண்டது. புற்றாக மாறக்கூடிய முற்றிய பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதைக்கட்டி) இருந்தவர்களிலோ வெறும் 13 பேரைத்தான். 2014-லேயே வந்துவிட்ட 'கோலோகார்டு' என்ற மலப் பரிசோதனை, குடலிலிருந்து உதிரும் செல்களின் மரபணு மாற்றங்களையும் மலத்தில் கலந்த ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அப்படிப்பட்ட பாலிப்புகளில் நூற்றுக்கு 42 வரை பிடித்தது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா? மலம் என்று அச்சிடக் கூச்சமோ என்னவோ, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எதில் 'பாசிட்டிவ்' வந்தாலும் அடுத்தது கொலோனோஸ்கோபிதான் என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

என் அண்ணனுக்கு மலத்தில் ரத்தம் போனபோது, எங்கள் ஊர் டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் மூலம் என்று மாத்திரை எழுதினார். அப்புறம் லேகியம். கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தபோது கல்லீரல் வரை பரவியிருந்தது. அவர் இன்று இருந்திருந்தால், உங்கள் கட்டுரையைக் காட்டி, "பார்த்தியாடா, குழாயே வேண்டாமாம்" என்றுதான் சொல்லியிருப்பார். ரத்தம் போகிறவர்கள் இந்தச் சோதனைகளை நம்பிக் காத்திருக்கக் கூடாது, நேரே டாக்டரிடம் போக வேண்டும் என்று எழுத உங்களுக்கு இடமில்லை. அதே பக்கத்தின் அடியில், 'மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இன்றி குணம்' விளம்பரத்துக்குக் கால் பக்கம் இருந்தது!

இது புதிதும் அல்ல. இன்சுலினை நிறுத்தச் சொன்ன கஷாயக் கட்டுரைக்கு மறுப்பு எழுதினேன், நீங்கள் போடவில்லை. ராசிபலனில் கன்னி ராசி விடுபட்டதற்கு மட்டும் பெட்டி கட்டி வருத்தம் தெரிவித்தீர்கள். கன்னி ராசிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சரி, கேட்பது இவ்வளவுதான். 'மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாமல் குடல் மருத்துவரைப் பாருங்கள்' என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். பெட்டி கட்ட வேண்டாம். அந்த விளம்பரத்துக்கு மேலே இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கும்பகோணம்.