ஹார்பின் ஆலை: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீன விமானத் தொழில் பற்றிய கட்டுரையில், வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் உள்ள விமான ஆலைக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கி, ‘சோவியத் விமானங்களை நகலெடுத்த இடம்’ என்று கதையை முடித்துவிட்டீர்கள். போதாததற்கு இசட்-10 தாக்குதல் ஹெலிகாப்டரையும் அதன் கணக்கில் எழுதிவிட்டீர்கள். இசட்-10 ஜிங்தேஜென் நகரின் சாங்ஹே ஆலையில் உருவாவது. ஹார்பின் செய்தது இசட்-19 என்ற வேறொரு தாக்குதல் ஹெலிகாப்டர்.

1952-ல் தொடங்கிய ஹார்பின் ஆலையின் முதல் ஹெலிகாப்டர் இசட்-5. சோவியத் நாடு கொடுத்த வரைபடங்களை வைத்து அவர்களுடைய மி-4 ஹெலிகாப்டரை உரிமத்தோடு கட்டியது அது. 1958 டிசம்பரில் பறந்தது. ஆனால் வரைபடம் கையில் இருந்தும் தொடர் உற்பத்தி 1963 வரை இழுத்தது. தொழில் உற்பத்தியை ஒரே மூச்சில் பெருக்க மாவோ தொடங்கிய ‘மாபெரும் பாய்ச்சல்’ இயக்கக் காலத்து அவசரத்தில் தரச் சோதனை தளர்ந்துபோயிருந்தது. தொடக்ககாலச் சுழலி இறக்கைகளில் மரமும் இருந்தது. மரம் ஈரம் கோத்துக்கொள்ளும், இறக்கைக்கு இறக்கை எடை மாறும், அதிர்வு கூடும். 1966-ல் முழு உலோக இறக்கையைச் சோதித்து அதற்கு மாறினார்கள்.

நகல் என்ற குற்றச்சாட்டுக்கு நல்ல பதில் எச்-5 குண்டுவீச்சு விமானத்தில் இருக்கிறது. இதன் மூல வடிவம் சோவியத் குண்டுவீச்சு விமானமான இல்-28 என்பது உண்மைதான். இல்-28-இன் இறக்கையை மேல்பாதி, கீழ்பாதி என்று தனித்தனியாகச் செய்து, உள்ளே குழாய், கம்பி எல்லாம் பொருத்திய பிறகு போல்ட் போட்டு இணைப்பார்கள். வேலை சுலபம், ஆனால் இணைப்பு விளிம்பும் போல்ட் வரிசையும் எடையைக் கூட்டும். 1960-ல் சோவியத் நிபுணர்கள் கிளம்பிப் போன பிறகு ஹார்பின் பொறியாளர்கள் மேல், கீழ் என்ற அந்தப் பிரிப்பையே எடுத்துவிட்டு, வழக்கமான அமைப்பில் இறக்கையைத் திரும்ப வடிவமைத்தார்கள். மிச்சமான எடை சுமார் 110 கிலோ. பதிலுக்குத் தொழிலாளியின் பாடு கூடியது. அப்படியே பார்த்து எழுதுகிறவன் இதில் கை வைக்க மாட்டான். முதல் பறப்பு 1966 செப்டம்பர்.

இசட்-9 ஹெலிகாப்டர் சோவியத் சரக்கே அல்ல. 1980-ல் பிரான்சின் ஏரோஸ்பேசியல் நிறுவனத்திடம் வாங்கிய டாஃபின் ஹெலிகாப்டர் உரிமம். முதலில் பிரெஞ்சுப் பாகங்களைப் பூட்டினார்கள். பெரும்பகுதி உள்நாட்டுப் பாகங்களோடு செய்தது 1992-ல்தான் பறந்தது. பிறகு ஐரோப்பாவின் யூரோகாப்டர் நிறுவனத்தோடும் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தோடும் கூட்டாக இசி-120 என்ற சிறு ஹெலிகாப்டர். அதில் ஹார்பினின் பங்கு 24 சதவீதம்.

கட்டுரை தொடாமலே விட்ட ஒய்-12 என்ற சிறு போக்குவரத்து விமானம்தான் இந்த ஆலையின் சொந்தச் சரக்கு. முந்தைய ஒய்-11-இன் பிஸ்டன் என்ஜின்களுக்குத் திராணி போதவில்லை. எனவே கனடாவின் பிடி-6 டர்போபிராப் (டர்பைன் சுழற்றும் புரொப்பெல்லர்) என்ஜின் இரண்டைப் பொருத்தி 1982-ல் பறக்கவிட்டார்கள். 1995-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-வின் சான்றும் கிடைத்தது. இலங்கை விமானப்படை இதைப் பல காலமாக ஓட்டுகிறது. ஹார்பினைக் குறை சொல்ல வேண்டுமானால் இங்கே சொல்லலாம்: உடல் தன்னுடையது, என்ஜின் அயலானுடையது.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான ஹெலிகாப்டர் படம். இசட்-10, இசட்-19 இரண்டுமே ஒருவர் பின் ஒருவர் அமரும் இரு இருக்கை ஹெலிகாப்டர்கள் என்பதால் குழப்பம் சகஜம். வாலைப் பாருங்கள்: செங்குத்துத் துடுப்புக்குள் வட்டமாகப் பதிந்த விசிறி இருந்தால் இசட்-19, வெளியே திறந்து சுழலும் வால் சுழலி என்றால் இசட்-10. தலைக்கு மேல் முன்னதற்கு 4 இறக்கை, பின்னதற்கு 5. நீங்கள் ‘இசட்-10’ என்று குறிப்பிட்ட படத்தில் விசிறி துடுப்புக்குள் தெளிவாகத் தெரிகிறது. திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்