நம் ஹாம் ரேடியோ சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், ஓ.எம்., ஒய்.எல். (ஆண், பெண் ஹாம்) நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் கோரம் (குறைந்தபட்ச வருகை) சேராமல், எதிர்வீட்டு ஆயுள் உறுப்பினரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பி அழைத்து வந்து கூட்டத்தைத் தொடங்கினோம். இந்த ஆண்டு அந்த நிலை வராது என்று நம்பி இதை எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஹாம் என்பவர், அரசு உரிமத்துடன் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்.

செயற்குழு, கூடாத மாதங்கள் நீங்கலாக, மாதம்தோறும் கூடியது. ஆயுத பூஜைக்கு எல்லா ரேடியோ செட்டுகளுக்கும் பொட்டு வைத்துச் சுண்டல் வழங்கப்பட்டது. அக்டோபரில் சாரணர்கள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஜோட்டா நிகழ்ச்சிக்காக ஒரு பள்ளியில் நிலையம் அமைத்தோம். சுனாமியின் 20ஆம் ஆண்டு நினைவாக டிசம்பர் 26 அன்று சிறு கூட்டம் நடந்தது. 2004இல் அந்தமானுக்கு ஹாம் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், போர்ட் பிளேயரிலிருந்து செய்தித் தொடர்புக்கு உதவியதைத் தலைவர் எடுத்துச் சொன்னார்.

மே 11 அன்று 40 மீட்டர் பேண்டில் (7.0–7.2 மெகாஹெர்ட்ஸ்) எதுவும் சரியாகக் கேட்கவில்லை என்பதற்காக, நான் கட்டிய ஆன்டெனாவின் மேல் சிலர் பழி போட்டார்கள். மே 10, 11 இரண்டு நாளும் பூமியைத் தாக்கியது இருபது ஆண்டுகளில் காணாத சூரியப் புயல். கம்பி அன்றும் நன்றாக இருந்தது, இன்றும் நன்றாக இருக்கிறது. இது பதிவுக்காக.

இனி, ஹாம் ஆக விரும்பும் புதியவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிற யாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த செட் வாங்கலாம் சார்?" என்பதுதான். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சீனத்துக் கைச்செட்டை வாங்கிவிட்டே வருகிறவர்களும் உண்டு. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம் என்று சொன்னால் முகம் வாடிப்போகும். அப்படியே வாங்கினாலும், அந்தச் செட் வேலை செய்யும் 144 மெகாஹெர்ட்ஸில் இந்த ஊரில் பேச யார் இருக்கிறார்கள்? இரண்டு நாள் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். நமக்கு ஒரு உறுப்பினர் நஷ்டம்.

அதனால் வகுப்புக்கு நான் வைத்த விதி ஒன்றே: முதல் மூன்று மாதம் எதுவும் வாங்கக் கூடாது, பேசவும் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். "இப்படிச் செய்தால் ஒருத்தரும் நிற்க மாட்டார்கள்" என்று செயற்குழுவிலேயே ஆட்சேபம் வந்தது. ஆட்சேபித்தவர்கள் வகுப்புப் பக்கம் ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கேட்பதற்குப் பெரிய செலவில்லை. ஹாம்களின் பேச்சைச் சாதாரண ரேடியோவில் வைத்தால் யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது போலிருக்கும். ஹாம்கள் பேசும் எஸ்.எஸ்.பி. முறையைக் கேட்கும் வசதி உள்ள சிற்றலை ரேடியோ வேண்டும். சங்கத்தில் ஒன்று இருக்கிறது. அதற்காக மொட்டை மாடியில் 40 மீட்டர் டைபோல் (நடுவில் பிரியும் இரு பக்கக் கம்பி ஆன்டெனா) கட்டினோம். இரு பக்கமும் பத்து மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் செம்புக் கம்பி, நடுவில் பி.வி.சி. குழாய்த் துண்டு, கொடி கட்டும் நைலான் கயிறு. ஒரு முனை தண்ணீர்த் தொட்டிப் பக்கம், மறுமுனை பக்கத்து வீட்டுத் தென்னையில். கட்டி முடித்து ஆன்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் பார்த்தால், கம்பி 6.95 மெகாஹெர்ட்ஸில்தான் பொருந்தியது. நீளம் கூடினால் அலைவரிசை இறங்கும். ஒவ்வொரு பக்கக் கம்பியிலும் ஒரு சாண் வெட்டியதும் 7.1க்கு வந்து நின்றது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் மூன்று வாரம் போட்டுப் புரியவைக்க முடியாமல் இருந்தேன். கத்தரிக்கோல் ஒரே நிமிடத்தில் புரியவைத்தது.

வகுப்பில் சேர்ந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒருவர், தையல் வேலை செய்யும் ஒரு அம்மா. காலை நேர நெட்டில் (ஹாம்கள் ரேடியோவில் கூடிப் பேசுவது) ஒவ்வொருவராக அழைப்புக்குறி (ஹாமின் அடையாளக் குறி) சொல்லி வருவதைக் கேட்டு, மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதுவார்: தேதி, நேரம், அலைவரிசை, குறி, சிக்னல். முதல் வாரம் "போர் சீரா சேவல்" என்று எழுதியிருந்தார். "ஃபோர் சியரா செவன்" அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. 4எஸ்7, அதாவது இலங்கைக் குறி. கும்பகோணத்து மொட்டை மாடியில் ஒரு செம்புக் கம்பியில் யாழ்ப்பாணத்தையோ கொழும்பையோ பகலில் கேட்கலாம் என்பது அவருக்கு அதிசயம். இருட்டியபின் அதே கம்பியில் இன்னும் தொலைவிலுள்ள நாடுகள் வரத் தொடங்குவதைப் பார்த்து, "பகல்ல இவங்கல்லாம் எங்க போறாங்க சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்தே, உயரே ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் பற்றி இரண்டு வகுப்பு நடத்தினேன். புத்தகத்திலிருந்து தொடங்கியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து படம் அனுப்பிய நாட்களில், உரிமம் உள்ள என் கைச்செட்டை 145.800இல் வைத்து, பக்கத்தில் செல்போனில், ஒலியைப் படமாக மாற்றும் எஸ்.எஸ்.டி.வி. செயலியைத் திறந்து வைத்தோம். ஒரு படம் முழுதாக இறங்க இரண்டு நிமிடம். நிலையம் நம் தலைக்கு மேல் கடப்பது அதிகபட்சம் பத்து நிமிடம். இரண்டாவது படம் பாதியில் தென்னைக்குப் பின்னால் போய் இரைச்சலானது. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தப் பாதிப் படத்தைத்தான் அச்செடுத்துக்கொண்டு போனான்.

ஹாம் உரிமத் தேர்வு விஷயம், பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் மறுபடி எழுதுகிறேன். 12 வயது நிரம்பியிருந்தால் போதும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமத்துக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக் குறியீடு) தேவையில்லை, அதற்கு வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். உரிமம் 20 ஆண்டுக்கு 1,000, ஆயுளுக்கு 2,000. ஒரு நல்ல செருப்பு விலை. பதினோரு பேரில் நான்கு பேர் சென்னை போய் எழுதி, நான்கு பேரும் தேறிவிட்டார்கள். தையல்கார அம்மாவும் அதில் ஒருவர். மற்ற ஏழு பேர் ஏன் எழுதவில்லை என்று கேட்பவர்களுக்கு: ரயில் டிக்கெட்டுக்குச் சங்கம் உதவலாம் என்ற என் தீர்மானம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

நவம்பர் கடைசி வாரம், ஃபெஞ்சல் புயலுக்கு முந்தைய மழை டெல்டாவை அடித்தபோது, இரவு எட்டு மணிக்கு 2 மீட்டர் பேண்டில் (அதே 144 மெகாஹெர்ட்ஸ்) ரோல் கால் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தேன். மின்சாரம் போனது, கார் பேட்டரியில் செட்டை ஓட்டி, பட்டியலில் உள்ள எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டேன். பதில் சொன்னவர்கள் மூன்று பேர். அதே நேரத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில், "எல்லோரும் பத்திரமா?" என்ற கேள்விக்குக் கட்டை விரல்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. டவர் இருக்கும்போது கட்டை விரல் போதும். டவர் போகும் நாளுக்காகத்தானே இந்தச் சங்கம் என்று துண்டறிக்கையில் அச்சடித்து விநியோகிக்கிறோம்? ஆஜராகாதவர்களில் மூவர், பேரிடர்த் தொடர்பு உபகுழுவின் உறுப்பினர்கள். பெயர் குறிப்பிட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை.

வரவு செலவு பெரும்பாலும் சரிக்குச் சரி. பேட்டரி, கோஆக்ஸ் கேபிள் வகையில் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடிவிட்டது. சுண்டல் வகையிலும் அப்படியே. முழு விவரம் பொருளாளர் வசம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுவார். கேபிளில் ஒரு பகுதிக்கு என் கைக்காசு போயிருக்கிறது. அதை நான் கேட்கவில்லை.

சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய். செல்போன் ரீசார்ஜுக்கு இதைவிட அதிகம் கட்டுகிறோம். உறுப்பினர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பாக்கி. சிலருக்கு அது இரண்டாம் ஆண்டைத் தாண்டுகிறது. ஆனால் கியூ.எஸ்.எல். கார்டு (பேசியதை உறுதிசெய்து ஹாம்கள் அனுப்பும் அட்டை) வந்திருக்கிறதா என்று விசாரிக்க மட்டும் இவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. கார்டுகள் அலுவலக மேசையில் பத்திரமாக இருக்கின்றன. சந்தா ரசீதைக் காட்டிவிட்டு எடுத்துப் போகலாம்.

இடம் கொடுத்த மண்டப உரிமையாளருக்கும், மாடி ஏற அனுமதித்த காவலாளிக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும், தணிக்கையாளருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயலாளராக நிற்பதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கோடை விடுமுறையில் அடுத்த வகுப்பு தொடங்குவதாக, மளிகை நோட்டு அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார். அவரே பாதிப் பாடம் எடுப்பதாகவும் இருக்கிறார். ஆகவே யாராவது பொறுப்பை எடுத்துக்கொண்டு வகுப்பையும் விடாமல் நடத்துவதானால் சாவியைச் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். அப்படி யாரும் முன்வராவிட்டால் என்ன செய்வது என்று பொதுக்குழுதான் சொல்ல வேண்டும்.

வகுப்புக்கு ஒரு ரேடியோ போதாது. பரணில் எஸ்.எஸ்.பி. கேட்கும் பழைய செட் வைத்திருப்பவர்கள், கெட்டுப்போனதாக இருந்தாலும் சரி, கொண்டுவந்து கொடுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர் தை மாதத்துக்குள் தென்னையை வெட்டப் போகிறாராம். டைபோலின் மறுமுனையைக் கட்ட, இருபதடி உயரத்துக்குக் குறையாத இடம் தெரிந்தவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்குள் மாடிக்கு வந்து சொல்லவும்.

73 (ஹாம் மொழியில் அன்பு வாழ்த்துகள்).
செயலாளர்