மருத்துவக் கொடுப்பனவுக்கு ஏன் வரி கட்டுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் ஹோட்டல், தொழிற்சாலை, நிதி நிறுவனம், தனியார் பாடசாலை என்று எங்கே பார்த்தாலும் சம்பளச் சீட்டில் ‘மருத்துவக் கொடுப்பனவு’ என்றொரு தொகை இருப்பதைக் காணலாம். மாதம் ஐயாயிரமோ பத்தாயிரமோ சம்பளத்தோடு சேர்ந்து வங்கிக் கணக்குக்குப் போய்விடும். நோய் வந்த மாதமும் அதே தொகை, வராத மாதமும் அதே தொகை. அந்தக் காசுக்கு வருமான வரி வெட்டப்படுகிறது. அதையே வேறு முறையில் கொடுத்தால் ஒரு சதமும் வெட்ட வேண்டியதில்லை. இது முதலாளிமாரில் பலருக்கும் தெரியாது, சம்பளம் வாங்குவோருக்கும் தெரியாது.

வழி புதியதல்ல. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஒருவருடைய பல் வைத்தியச் செலவு, மருத்துவச் செலவு, சுகாதாரக் காப்புறுதிச் செலவு ஆகியவற்றை வேலை கொடுப்பவர் நேரே செலுத்தினாலும், ஊழியர் செலவழித்த பின் மீளக் கொடுத்தாலும், அது தொழில் வருமானத்தில் சேராது. நிபந்தனை ஒன்றுதான்: முழுநேர ஊழியர் எல்லோருக்கும் அந்த வசதி சமமான நிபந்தனைகளில் கிடைக்க வேண்டும். மாதாமாதம் கையில் கொடுக்கும் கொடுப்பனவு இதற்குள் அடங்காது. அது செலவை மீளக் கொடுப்பதல்ல, சம்பளத்தின் ஒரு பகுதி.

தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 1,800,000 ரூபா, அதாவது மாதம் 150,000 ரூபா வரை வரியில்லை. அதற்கு மேல் வரும் முதல் பத்து இலட்சத்துக்கு 6 சதவீதம். அதன்பின் ஒவ்வொரு ஐந்து இலட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, மிகுதிக்கு 36 சதவீதம். மாதம் 300,000 ரூபா வாங்கும் முகாமையாளருக்கு மேலதிகமாக 10,000 ரூபா மருத்துவக் கொடுப்பனவு கிடைத்தால் அந்தப் பத்தாயிரம் 24 சதவீதப் படியில் விழும். ஆண்டுக்கு 28,800 ரூபா வரியாகப் போய்விடும். மாதம் 200,000 ரூபா வாங்கும் மேற்பார்வையாளருக்கு 6 சதவீதம், ஆண்டுக்கு 7,200 ரூபா. பற்றுச்சீட்டுக்கு மீளக் கொடுக்கும் திட்டமாக மாற்றினால் இரண்டு பேருக்குமே இந்த வரி இல்லை. நிறுவனத்துக்கு அது எப்படியும் ஊழியர் செலவுதான்.

மாதம் 150,000 ரூபாவுக்குக் கீழே வாங்குபவருக்கு வரிச்சலுகையால் ஆவது ஒன்றுமில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்பவர், சமையலறை உதவியாளர், தோட்டக்காரர் எல்லோரும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். ஆனால் சட்டத்தின் நிபந்தனை அவர்கள் பக்கம் நிற்கிறது. முகாமையாளருக்கு வரி விலக்கு வேண்டுமானால் தோட்டக்காரருக்கும் அதே வசதி கிடைக்க வேண்டும். மேல்தட்டு அலுவலர்களுக்கு மட்டும் ஒரு மருத்துவத் திட்டம் வைத்துவிட்டு அதற்கு வரியில்லை என்று காட்டும் நிறுவனம் சட்டத்தின் சொற்களை மீறுகிறது. எங்கள் பார்வையில் இந்தப் பிரிவின் மிக நல்ல அம்சம் இதுதான். தொழிற்சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

மருத்துவத்துக்கு வரியில்லாமல் பணம் ஒதுக்கும் அமெரிக்க முறையைப் பற்றி வெளிநாட்டு உறவினர் வழியாகக் கேள்விப்படுவோர் அப்படியொரு கணக்கு இங்கே இல்லையே என்று குறைப்படுவதுண்டு. அங்கே உள்ளது ஒன்றல்ல, இரண்டு வகைக் கணக்குகள். முதலாவது செலவுக் கணக்கு. ஊழியர் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை வரிக்கு முன்பே அதில் ஒதுக்கலாம். 2026இல் உச்ச எல்லை 3,400 டொலர். ஆண்டுக்குள் செலவாகாத மீதி ஊழியருக்குத் திரும்பாது. நிறுவனம் அனுமதித்தால் 680 டொலர் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகலாம், அல்லது செலவழிக்க இரண்டரை மாத மேலதிக அவகாசம் பெறலாம். இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது.

இரண்டாவது சேமிப்புக் கணக்கு. இது ஊழியரின் சொந்தச் சொத்து, வேலை மாறினாலும் கூடவே வரும். 2026இல் தனியாளுக்கு 4,400 டொலர், குடும்பத்துக்கு 8,750 டொலர். 55 வயதைக் கடந்தவர் இன்னுமோர் 1,000 டொலர் போடலாம். போடும்போதும் வரியில்லை, வளரும்போதும் வரியில்லை, மருத்துவத்துக்கு எடுக்கும்போதும் வரியில்லை. வேறு தேவைக்கு எடுத்தால் வரியோடு 20 சதவீதத் தண்டம். 65 வயதுக்குப் பின் தண்டம் இல்லை, வரி மட்டும். ஆனால் எல்லோரும் இதைத் திறக்க முடியாது. காப்புறுதி தொடங்குவதற்கு முன் நோயாளி தன் கையிலிருந்து பெருந்தொகை கட்டவேண்டிய காப்புறுதித் திட்டத்தில் இருப்பவருக்கே இது. 2026இல் அந்தத் தொகை தனியாளுக்குக் குறைந்தது 1,700 டொலராக இருக்க வேண்டும். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்தி, அரச காப்புறுதிச் சந்தையின் ‘வெண்கல’ வகைத் திட்டங்களில் உள்ளவர்களுக்கும் 2026 ஜனவரி முதல் வழி திறந்துவிட்டது.

இந்தச் சேமிப்புக் கணக்கை அப்படியே இங்கு கொண்டுவரக் கேட்பதில் பயனில்லை. நோயாளியின் கைச்செலவு பெரிதாக இருக்கும் நாட்டுக்காக அமைந்த ஏற்பாடு அது. எங்களுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை இலவசமாக இருக்கிறது. இங்கே கை கடிக்கும் செலவு வேறு: வைத்தியரைச் சனல் பண்ணும் கட்டணம், வெளியே வாங்கச் சொல்லும் மருந்து, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பல் வைத்தியம், பெரிய சத்திரசிகிச்சைக்குக் கண்டியிலோ கொழும்பிலோ தனியார் வைத்தியசாலையில் கட்டும் பணம். இதற்கு அமெரிக்கச் செலவுக் கணக்கின் இரண்டு விதிகளைப் பார்த்து நடந்தாலே போதும்.

ஒன்று, ஆண்டு எல்லை முழுவதும் முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். அங்கே ஊழியர் ஜனவரியில் ஒரு மாதப் பணம் மட்டும் கட்டியிருந்தாலும், அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய முழுத்தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம். இங்கே திட்டம் வைக்கும் நிறுவனங்கள் மாதம் 10,000 ரூபா வீதம் சேர்ந்த பின்தான் தருவோம் என்று எழுதினால், ஏப்ரலில் தொடங்கும் ஆண்டில் மே மாதம் 60,000 ரூபாவுக்குச் சத்திரசிகிச்சை செய்தவருக்கு 20,000 ரூபாதான் கிடைக்கும். மிகுதிக்கு அவர் நகை அடகு வைக்க வேண்டும். 120,000 ரூபா என்று ஆண்டு எல்லை வைத்தால் ஏப்ரல் 1ஆம் திகதியே அது முழுதாகத் திறந்திருக்கட்டும்.

மற்றது, மீதியைப் பணமாகக் கொடுக்கக் கூடாது. நல்லெண்ணத்தோடு தொடங்கும் திட்டங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மார்ச் கடைசியில் ‘செலவழிக்காத மிகுதி’ என்று ஊழியருக்குக் காசு கொடுத்தால் அது மருத்துவச் செலவை மீளக் கொடுப்பதாகாது. சாதாரண சம்பளமாகிவிடும், வரியும் வரும். அதோடு, பற்றுச்சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காசு வரும் என்றாகிவிட்டால் முழுத் திட்டத்தையுமே கொடுப்பனவு என்று இறைவரி அலுவலர் சொல்ல இடம் கொடுத்தவர்களாவோம். மீதியை அடுத்த ஆண்டின் எல்லையோடு ஓரளவு கூட்டிக் கொடுப்பது பாதுகாப்பானது. அப்போதும் பற்றுச்சீட்டுக்கே பணம்.

நடைமுறை இப்படி இருக்கலாம். மதிப்பீட்டாண்டு தொடங்கும் ஏப்ரல் 1க்கு முன்பே திட்டத்தை எழுத்தில் வைத்து, பணிப்பாளர் கையொப்பத்தோடு எல்லா ஊழியருக்கும் கொடுங்கள். ஆண்டு எல்லை எல்லோருக்கும் ஒரே தொகையாக இருப்பதே மிகப் பாதுகாப்பானது. தகுதிகாண் காலம் முடிந்த பின்தான் வசதி என்று எழுதாதீர்கள். தகுதிகாண் காலத்தில் இருப்பவரும் முழுநேர ஊழியர்தான், அவரை விட்டால் ‘எல்லோருக்கும்’ என்பது உடைகிறது. சீசனுக்கு மட்டும் நாட்சம்பளத்துக்கு வருபவரின் நிலை வேறு. பற்றுச்சீட்டில் நோயாளியின் பெயர், திகதி, மருந்தின் அல்லது சேவையின் விபரம், கடையின் முத்திரை ஆகியவை இருக்க வேண்டும், வைத்தியரின் துண்டும் சேர வேண்டும். மருந்தைக் கடதாசி உறையில் போட்டு விலையைப் பேனாவால் எழுதித் தருவது இங்கே சாதாரணம். அந்த உறையை வைத்துக்கொண்டு எந்தக் கணக்காளரும் பணம் கொடுக்க முடியாது. வீட்டில் நோயாளரைப் பார்க்கும் வைத்தியரிடமும் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்க வேண்டும், கேட்பதில் கூச்சம் தேவையில்லை. காப்புறுதி நிறுவனம் மூலப் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டால், அதன் பிரதியோடு அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கடிதத்தையும் இணைத்து மிகுதியை மட்டும் நிறுவனம் கொடுக்கலாம். சம்பளச் சீட்டில் இதைக் கொடுப்பனவுகளின் கீழ் காட்ட வேண்டாம். தனிக் கணக்குத் தலைப்பில் எழுதி, ஆவணங்களை ஐந்து ஆண்டுகளுக்காவது வைத்திருங்கள்.

ஊழியர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘அடிப்படைச் சம்பளத்தில் பத்தாயிரத்தைக் குறைத்து மருத்துவத் திட்டத்துக்கு மாற்றுகிறோம், உங்களுக்கு வரி குறையும்’ என்று சொன்னால் உடனே கையொப்பம் வைக்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபா குறைந்தால் முதலாளி கட்டும் ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி) 12 சதவீதமும் ஈ.ரி.எவ். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) 3 சதவீதமும் சேர்ந்து மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000 ரூபா உங்கள் கணக்கில் விழாமல் போகும். 6 சதவீதப் படியில் உள்ளவர் மிச்சம் பிடிக்கும் வரி 7,200 ரூபாதான். வரியே கட்டாதவருக்கு முழுவதும் நட்டம். இதற்கு மேல் பணிக்கொடையும் குறையும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி சேவை ஆண்டு ஒவ்வொன்றுக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் அரை மாதம் என்பதால், பத்து ஆண்டு சேவைக்கு 50,000 ரூபா போய்விடும். மாற்றவேண்டியது ஏற்கெனவே உள்ள மருத்துவக் கொடுப்பனவை மட்டும். அதற்கும் இதுவரை சேமலாப நிதி கட்டப்பட்டு வந்ததா என்று முதலில் பாருங்கள்.

பெரிய நோய்க்கு ஈ.பி.எவ். பணத்தில் ஒரு பகுதியை ஓய்வுக்கு முன்பே எடுக்கவும் வழி இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் கீழ், பத்து ஆண்டுகளுக்கு மேல் பங்களித்து, கணக்கில் 300,000 ரூபாவுக்குக் குறையாமல் உள்ளவர் வீட்டுத் தேவைக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம் வரை, உச்சம் 20 இலட்சம் ரூபா, கேட்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயரும் நிதிக் கணக்கில் வேறு முதலெழுத்தும் இருந்தால் விண்ணப்பம் இழுபடும். நோய் வரும்வரை காத்திராமல் தொழில் திணைக்கள அலுவலகத்தில் பெயரையும் அங்கத்துவ இலக்கங்களையும் இப்போதே சரிசெய்து வையுங்கள். ஆனாலும் இது முதுமைக்கு வைத்த பணம். வேறு வழி இல்லாதபோது மட்டும் தொடவேண்டியது.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதும் உண்டு. 2020 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை, மருத்துவச் செலவும் காப்புறுதிக் கட்டணமும் உட்படச் சில செலவுகளுக்காக ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபா வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்ற சலுகை தனியாட்களுக்கு இருந்தது. 2023 ஜனவரியோடு அது நீக்கப்பட்டது. இதனால், நிறுவனம் காப்புறுதிக் கட்டணம் கட்டினால் வரியில்லை, திட்டமில்லாத சிறு நிறுவனத்தில் வேலை செய்பவர் அதே கட்டணத்தைத் தானே கட்டினால் வரிகட்டிய காசிலிருந்து கட்ட வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. பழைய 12 இலட்சம் முழுவதையும் திருப்பித் தரும்படி நாம் கேட்கவில்லை. சுகாதாரக் காப்புறுதிக் கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டுள்ள மருத்துவச் செலவுக்கும் மட்டும் ஆண்டுக்கு ஓரிரு இலட்சம் ரூபா கழிவு அனுமதிக்கப்பட வேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்கும் அது கிடைக்க வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதை எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கும் வரிக் கணக்கும் பார்ப்போர் சிலர்,
திருகோணமலை.